ஒற்றைக் குஞ்சும் ஊர்ப்பட்ட பாசமும்

விடிந்தும் விடியாத நேரம். கோழிக்கூட்டின் வாய்ப்பலகை சாய்ந்து கிடக்கிறது. முந்தின நாள் பொழுது சாயும்போது பத்துக் குஞ்சுகளோடு உள்ளே போன தாய்க்கோழியின் இறகுகள் வாசல்வரை சிதறியிருக்கின்றன. மூன்று குஞ்சுகள் கழுத்து கடிபட்டு அங்கேயே கிடக்கின்றன. மற்றவற்றைக் காணோம். வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல். அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரலில், மூச்சு விடாமல், கீச் கீச் என்று. ஒன்றே ஒன்று தப்பியிருக்கிறது.

கோழி வளர்க்கிற ஊர்களில் இது நடக்காத வருடம் கிடையாது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பதும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டி, "விடுடா, ஒத்தக் குஞ்சு ஒப்பேறாது" என்பார். பேரன், "நான் வளக்கிறேன் ஆத்தா" என்று அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். பெரும்பாலும் பாட்டியின் வாக்குத்தான் பலிக்கும். மூன்றாம் நாள் காலையில் அட்டைப்பெட்டிக்குள் குஞ்சு விறைத்துக் கிடக்கும். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்று கதை முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை பாட்டிக்கும் எதிரானது, பேரனுக்கும் எதிரானது. வயதுக்கு மரியாதை கொடுத்து முதலில் பாட்டி.

"ஒப்பேறாது" என்ற சொல் அனுபவத்தின் குரல் போல ஒலிக்கும். நிஜத்தில் அது, பலிக்கும்படி வீட்டாரே பார்த்துக்கொள்கிற ஜோசியம். குஞ்சு எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விடை ரொம்பச் சாதாரணமானது. குளிர்.

பெரிய கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. அதன் மேல் இருப்பது இன்னும் இறகு ஆகவில்லை, வெறும் பஞ்சு. முதல் வாரத்தில் அதைச் சுற்றி 35 டிகிரி வேண்டும். பிறகு இறகு முளைக்கும்வரை வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். பண்ணைக்காரர்களுக்கு இது பாலபாடம். தாய்க்கோழி இருக்கிற இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. இறக்கைக்குள் புகுந்து சூடேறிக்கொண்டு, வெளியே வந்து நாலு கொத்து கொத்திவிட்டு, மறுபடியும் புகுந்துகொள்ளும். தாய் போனாலும் கூடப்பிறந்தவை இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓரளவு சமாளிக்கும். ஒற்றைக் குஞ்சுக்கு இரண்டும் இல்லை. "மதுரை வெயிலில் என்ன பெரிய குளிர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உச்சிவெயிலுக்கு மதுரையில் 38 கூட அடிக்கும், சரி. விடியற்காலை நாலு மணிக்கு சிமெண்ட் தரையில் எவ்வளவு? மார்கழியில் இருபதை ஒட்டி இறங்கிவிடும். 35 வேண்டிய உயிருக்கு 20. இதற்குப் பெயர் விதியா?

ஒரு குண்டு பல்பு போதும் என்று பழைய ஆட்கள் சொல்வது சரிதான். 40 அல்லது 60 வாட். ஆனால் இன்றைக்கு வீடுகளில் இருப்பதெல்லாம் எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் வரும், குஞ்சைக் காக்கிற அளவுக்குச் சூடு வராது. "பல்பு போட்டுமா செத்துப்போச்சு" என்று புலம்புகிற வீடுகளில் பாதி வீட்டு ரகசியம் இதுவாகத்தான் இருக்கும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்து, ஆற ஆற மாற்றலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எழுந்திருத்தலுக்குச் சோம்பல்பட்டுத்தான் 'ஒப்பேறாது' என்ற சொல்லையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சமாதானம் வரும். ஒரு குஞ்சு என்ன விலை? அதற்கு இத்தனை பாடா? ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துத் தின்கிற வீட்டில் இது என்ன வேஷம்?

விலையிலிருந்தே தொடங்கலாம். நாட்டுக்கோழி என்பது கிராமத்துப் பெண்களின் சிறுவாட்டுக் காசு. வீட்டு ஆண்களின் கணக்கில் வராத, கேட்காமல் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம். 21 நாள் அடைகாத்துப் பொரித்த பத்தும் ஒரே இரவில் போன வீட்டில், மிஞ்சிய ஒன்று பெட்டையாக இருந்தால் ஆறேழு மாதத்தில் முட்டை வைக்கும், பிறகு அதுவே அடையும் உட்காரும். போன கூட்டத்தை மறுபடி உண்டாக்க வழி அந்த ஒன்றில்தான் இருக்கிறது. இதைப் பாட்டியை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தும் கைவிடுவதுதான் ஆச்சரியம்.

குழம்பு விவகாரம் இன்னும் சுலபம். தின்பதற்காக வளர்ப்பது ஒன்று. தன் பொறுப்பில் இருக்கும் உயிரைக் குளிரிலும் பசியிலும் சாகவிட்டு வேடிக்கை பார்ப்பது வேறொன்று. கறி தின்னாதவர்கள் முதல் காரியத்தையே ஏற்கமாட்டார்கள், அது அவர்கள் நியாயம். ஆனால் முதல் காரியத்தைச் செய்கிறவருக்கு இரண்டாவதைச் செய்ய உரிமம் கிடைத்துவிடுவதில்லை. 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்ப்பவர் தன் பிராணிக்குப் போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராமலிருப்பதையும் வதை என்றே சொல்கிறது. அந்தச் சட்டத்தில் பிராணி என்றால் மனிதரல்லாத எந்த உயிரும். கோழிக்கு விலக்கு இல்லை, கோழி தின்கிறவருக்கும் விலக்கு இல்லை.

பாட்டிக்கு நேர் எதிரே இன்னொரு கோஷ்டி உண்டு. "அத்தனையும் செத்து இது மட்டும் பிழைச்சிருக்குன்னா, இது ஜாதிக் குஞ்சு, எதையும் தாங்கும்" என்பார்கள். டார்வினைப் பள்ளிக்கூடத்தில் பாதி கேட்டதன் விளைவு. அந்தக் குஞ்சு பிழைத்தது அதன் வீரத்தால் அல்ல. தாய்க்கோழி பதறிக் குதித்தபோது அது விழுந்த இடம் விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்தது. நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் அதுவும் போயிருக்கும். அதிர்ஷ்டத்தைப் பலம் என்று எண்ணி வழக்கம்போல முற்றத்தில் விட்டுவிடுகிறார்கள். காலையில் காக்கை பார்க்கிறது. சில நேரம் செண்பகம். மத்தியானம் வல்லூறு.

பழி யார் மேல் விழுகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். எந்தக் கோழி செத்தாலும் "கீரிதான்" என்று ஒரு தீர்ப்பு வந்துவிடும். கீரி பகலில் இரை தேடும் பிராணி. நள்ளிரவில் நடந்த கொலைக்கு அதைக் குற்றவாளி ஆக்குவது நியாயமே இல்லை. ராத்திரி வருவது மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு, பல நேரங்களில் தெருநாய். பாம்பு முழுசாக விழுங்கும், இறகு சிதறாது. பெருச்சாளி வளைப்பக்கம் இழுத்துப்போகும். கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமலே போவது இன்னொரு ரகம். அதைப் பார்த்துத்தான் மனிதர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்: "திங்கவாவது செஞ்சுச்சா, வேணும்னே கொன்னுருக்கு பாரு!" விலங்கியல்காரர் ஹான்ஸ் குரூக் 1972லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும். வேட்டையும் அங்கே நின்றுவிடும். ஓடவே முடியாத இரை கண்ணெதிரே துடித்துக்கொண்டிருந்தால் கொல்லும் உந்துதல் நிற்பதில்லை. குரோதம் எதுவும் அதில் கிடையாது. அடைத்த கூட்டுக்குள் கோழிகளை ஓடமுடியாதபடி வைத்தது யார், கதவைச் சரியாகச் சாத்தாதது யார் என்று கேட்டால் விரல் வேறு பக்கம் திரும்பும்.

அதனால்தான் விரலைத் திருப்பாமல் விஷத்தைத் தேடுகிறார்கள். செத்த கோழியில் வயலுக்குப் போடும் குருணை மருந்தைத் தூவி வேலியோரம் போடுவது. அதைத் தின்று சாவது தெருநாயும் காக்கையும் பருந்தும். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கீரியைக் கொல்வது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மருந்து கிடக்கிற மண்ணில்தானே மிச்சமிருக்கிற ஒற்றைக் குஞ்சும் நாளைக்குக் கிளறப்போகிறது? பழிவாங்கல் கடைசியில் யார் தலையில் விடியும் என்று யோசிக்க வேண்டாமா?

சரி, இப்போது பேரன்.

பேரனைத் திட்டுவதற்கு மனசு வராது. அவன் ஒருவன்தான் அந்தக் கத்தலைக் காதில் வாங்கியவன். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: பாட்டி கைவிட்டுச் சாகிற குஞ்சுகளுக்குச் சமமாகப் பேரன்கள் கொஞ்சிச் சாகிற குஞ்சுகளும் இருக்கும். (பேத்திகளும்தான். பெரியவர்களும்தான், கைப்பேசியில் வீடியோ எடுக்கும் பெரியவர்கள்.)

முதல் பாவம் பால். பாவம் பசிக்கும் என்று இங்க் ஃபில்லரில் பாலை எடுத்து வாய்க்குள் விடுவது. கோழி பாலூட்டி இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரை அதற்குச் செரிக்காது, கழியும். அதைவிட மோசம், வாய்க்குள் பீய்ச்சுகிற எதுவும் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். இத்தனைக்கும் பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுக்கு அவசரப் பசி கிடையாது. முட்டையை உடைத்து வெளியே வருமுன் மிச்ச மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு மூன்று நாளுக்கு அது தாங்கும். ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவது இதனால்தான். அதைவிட மூத்த குஞ்சு என்றால் அன்றைக்கே தீனி வேண்டும். அப்போதும் முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி. விறைத்த குஞ்சுக்குத் தீனி கொடுத்தால் செரிக்காது. அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் போதும், தானே குடிக்கும்.

இரண்டாவது பாவம் செய்தித்தாள். பெட்டிக்குள் பேப்பர் விரித்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பு. வழவழப்பில் கால் வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, சரிசெய்யாவிட்டால் அப்படியே ஊனமாகிவிடும். சாக்கு போதும். உமி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதுதான் பெரிய பாவம். அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருப்பதால் யாரும் தொடத் தயங்குகிறார்கள்.

1873இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் கோழிக்குஞ்சுகளின் கண்ணை மறைத்து வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி எழுதினார். பொரித்த புதிதில் கண்ணைத் திறந்துவிட்ட குஞ்சு, அசைகிற எதன் பின்னாலும் போனது, அவர் பின்னாலும் போனது. நாலு நாள்வரை மறைத்து வைத்தவை அவரைக் கண்டதும் மிரண்டு ஓடின. பிறகு 1935இல் கான்ராட் லோரன்ஸ் வாத்துக்குஞ்சுகளை வைத்து இதை விரிவாக எழுதினார். 1973இல் டின்பெர்கன், ஃபிரிஷ் ஆகியோரோடு நோபல் பரிசும் பெற்றார். தாய் யார் என்று குஞ்சு மனதில் பதித்துக்கொள்ளும் வாசல், பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் அகலமாகத் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் கண்முன்னே அசைவது ஒரு சிறுவனின் கால் என்றால், குஞ்சின் உலகத்தில் தாய் என்பது சிறுவனின் கால்.

கேட்க இனிமையாக இருக்கிறது. "எங்க போனாலும் பின்னாடியே வருது பாரேன்!" பின்னாலேயே வருகிற குஞ்சை மிதித்துக் கொன்ற வீடுகள் எத்தனை என்று கணக்கெடுக்க ஆளில்லை. சட்டைப்பையில் வைத்து நசுங்கியது, போர்வைக்குள் படுக்கவைத்துப் புரண்டு படுத்ததில் போனது, இவையெல்லாம் தனி. பள்ளிக்கூடம் திறந்ததும் கால் காலையில் எட்டரைக்குக் கிளம்பிவிடும். சாயங்காலம்வரை குஞ்சு கத்தும். அதைப் "பாட்டுப் பாடுது" என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. சூடாக, துணையோடு இருக்கிற குஞ்சு தாழ்ந்த குரலில் தனக்குத்தானே முணுமுணுக்கும். உரத்து, விட்டு விட்டு, ஓயாமல் கத்துவது தொலைந்துபோன குஞ்சு. காட்டுப்பூனைக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் தாண்டிச் சேவலாக வளர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். மனிதரோடு மட்டும் வளர்ந்த சேவலுக்கு மனிதர் மேல் பயம் இருக்காது. பயமில்லாத சேவல் மனிதரைப் போட்டியாளராக நினைக்க ஆரம்பிக்கும். கூட்டத்தில் விட்டால் மற்ற கோழிகள் கொத்தித் துரத்தும், ஏனென்றால் கோழிகளின் நடப்பு அதற்குத் தெரியாது. வீட்டுப்பக்கம் வந்து சின்னக் குழந்தையின் முகத்துக்கு நேரே பாயும். "கண்ணைக் கொத்திரும்டா" என்று ஒருநாள் முடிவெடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு என்ன பெயர் வைத்திருந்தானோ, அந்தப் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே பேரன் சாப்பிடாமல் இருப்பான்.

ஒற்றைக் குஞ்சுக்கு வேண்டியது இன்னொரு குஞ்சு. முடிந்தால் இன்னொரு கோழி. இவ்வளவு எளிய விஷயம் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் தொலைந்துபோகிறது.

தாய்க்கோழி உயிரோடு தப்பியிருந்தால் பேச்சே இல்லை, குஞ்சை அதனிடமே விட்டுவிட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அதைப் பிரித்து வீட்டுக்குள் கொண்டுபோவதைப் போல முட்டாள்தனம் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து, மேலே கல்லை வைத்து, வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தாயும் போயிருந்தால் ஊரில் விசாரிக்க வேண்டும். அதே வயதில், இரண்டு மூன்று நாள் முன்பின்னாகக் குஞ்சு பொரித்த கோழி யார் வீட்டிலாவது இருக்கும். இருட்டிய பிறகு போய், அடைந்திருக்கும் கோழியின் இறக்கைக்குக் கீழே, மற்றக் குஞ்சுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் சொருகிவிட வேண்டும். பகலில் கொண்டுபோய் விட்டால் கொத்தும். ராத்திரி முழுக்கத் தன் சூட்டிலேயே இருந்ததைக் காலையில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவசியம். வயது ரொம்ப வித்தியாசப்பட்டால் ஏற்காது. ஏற்காவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும்.

நடைமுறையில் இதற்குத் தடையாக இருப்பது கோழி இல்லை. "போன வருசம் அவ வீட்டு ஆடு நம்ம முருங்கைய மேஞ்சுச்சு, அவ வாசல்ல போய் நிக்கவா?" என்பதுதான் தடை. முருங்கைக்காக ஒரு குஞ்சைப் பலி கொடுக்கிறார்கள், வேறென்ன சொல்ல.

யாரிடமும் கோழி இல்லையென்றால், அதே வயதுக் குஞ்சு ஒன்றோ இரண்டோ விலைக்கு வாங்கிச் சேர்த்துவிடலாம். ஆனால் பேருந்து நிலையத்திலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ் சாயம் முக்கி விற்கிற குஞ்சுகள் வேண்டாம். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள் அவை. நாள்முழுக்கச் சூடில்லாமல் கூடையில் நின்றவை. என்ன நோயைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்கழிச்சல் ஒன்று வந்தால் தெருவையே துடைத்துவிடும். அவற்றின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. (முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து தடைசெய்திருக்கிறது.) துணை கிடைக்கும்வரை ஓரிரு நாளுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் சின்னக் கண்ணாடி வைத்தால் கத்தல் குறையும், தன் உருவத்தின் அருகிலேயே ஒண்டிக்கொள்ளும். அதையே நிரந்தரமாக்கி, "கண்ணாடி இருக்கில்ல, போதும்" என்று இருந்துவிடுவது ஏமாற்று வேலை.

தீனியில் ஒரு வார்த்தை. நொய்யரிசி மட்டும் போட்டு வளர்த்தால் குஞ்சு தேறாது. வளரும் குஞ்சுக்குத் தீனியில் இருபது சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும், அரிசியில் ஏழெட்டுக்கு மேல் கிடையாது. பாட்டிக்கே தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: பழைய பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் பானை நிறையக் கரையான். அதைக் குஞ்சு ஓடி ஓடிப் பொறுக்குவதைப் பார்த்த பிறகு ஒப்பேறாது என்று சொல்ல வாய் வராது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைக் குஞ்சு நனைந்து குளிர்ந்தே செத்துப்போகும்.

எல்லாக் குஞ்சையும் காப்பாற்றலாம் என்று சொன்னால் அது பொய். குடல் வெளியே வந்தது, கழுத்து தொங்கியது இருக்கும். அதைத் துணியில் சுற்றி வைத்து இரண்டு நாள் சாமி கும்பிடுவது இரக்கம் ஆகாது. கை பழகிய ஒருவர் ஒரு நொடியில் முடித்துவிடுவதுதான் இரக்கம். வெளியே ஒன்றும் தெரியாமல் பூனைப் பல் மட்டும் பதிந்திருப்பது இன்னொரு வகை. காயம் சிறிது, உள்ளே சீழ் வைக்கும். அதற்கு மஞ்சள் மட்டும் அப்பிவிட்டு இருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனால் வரிசையில் மாடு பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு அன்று சாயங்காலம் கூட்டைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு வந்தது திரும்ப வரும், பெரும்பாலும் அடுத்தடுத்த இரவுகளிலேயே. அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். மரநாய் பிய்த்துவிடும், பாம்பு சின்ன ஓட்டைக்குள்ளும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் கம்பிவலை வேண்டும், தரைக்குக் கீழே ஒரு முழம் இறங்கியிருக்க வேண்டும், வாய்ப்பலகைக்குக் கொண்டி வேண்டும். கல்லை முட்டுக்கொடுப்பது கொண்டி ஆகாது. முந்தின நாள் ராத்திரி அந்தக் கல்தான் முட்டுக்கொடுத்திருந்தது.